அபிநயா சரத்குமார் வாங்கிய ஏழரை

சரத்குமார் தன் மனைவியையும் அந்த ஆங்கிலத் தேர்வுக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு ஊருக்குச் சொன்ன காரணம் ஒன்று, மனசுக்குள் வைத்திருந்த காரணம் வேறு. ஸ்காட்லாந்துக்குப் போன பிறகு அவளும் எங்காவது வேலை தேடலாம், கையில் ஒரு மதிப்பெண் இருந்தால் நல்லது என்பது ஊருக்கு. மனசுக்குள் இருந்ததை அவன் வாயால் சொல்லப் போவதில்லை, இங்கே சொல்லிவிடலாம். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவன் அவன். மூன்றாவது தடவையும் அதே கதியானால், தன்னைவிடக் குறைவாக வாங்கிய ஆள் ஒருத்தி வீட்டிலேயே இருக்கட்டுமே என்று நினைத்தான்.

கேட்க அற்பத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவனுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் தருவதாக எழுதியிருந்தது. கூடவே ஒரு நிபந்தனை. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மொத்தமாக ஆறரை வேண்டும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்ற நான்கில் எதுவும் ஆறுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஜூலைக்குள் அது வராவிட்டால் இடம் போய்விடும். அவனுக்கு மற்ற மூன்றும் எப்படியோ கரையேறிவிடும். பேச்சு மட்டும் ஐந்தரையில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது.

அவன் பேச்சில் போய்த் தோற்பான் என்று யார் நினைத்தார்கள்? அப்பா நாராயணசாமி கரும்பிலும் மக்காச்சோளத்திலும் எடுத்ததையெல்லாம் அவன் கான்வென்ட்டில்தான் கொண்டுபோய்க் கொட்டினார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும், "எங்கடா போய்ட்ட, வந்து மாமாவுக்கு இங்கிலீஷ்ல பேசிக் காட்டு" என்று நடுக்கூடத்தில் நிறுத்திவிடுவார். பையன் கையைக் கட்டிக்கொண்டு மனப்பாடமாக ஒப்பிப்பான். மாமாக்கள் வாயைப் பிளப்பார்கள். அப்படியே வளர்ந்தவனுக்கு ஆங்கிலம் என்றால் ஒப்பிப்பதுதான். எதிராளி பதிலுக்கு ஏதாவது கேட்பான் என்பது அவன் பாடத்திட்டத்திலேயே கிடையாது.

அபிநயா திருநாவலூர்ப் பெண். அப்பா சின்னக்கண்ணு குத்தகை நிலம் உழுகிறவர். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், அரசுக் கல்லூரியில் தாவரவியல். கல்வராயன் மலையில் சாமை, தினை ரகங்களைச் சேகரிக்கிற ஒரு திட்டத்தில் உதவியாளராக இருந்தாள். வாரத்தில் பாதி நாள் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி இறங்குவதுதான் அவள் வேலை. ஸ்காட்லாந்திலிருந்து மார்கரெட் என்ற விஞ்ஞானி மலைக்கு வந்தபோது, விவசாயிகள் சொல்வதை அந்த அம்மாவுக்கும் அந்த அம்மா கேட்பதை விவசாயிகளுக்கும் மாற்றிச் சொல்ல வேறு ஆள் இல்லாமல் இவளே சொன்னாள். தப்போ சரியோ, சொல்லாவிட்டால் வேலை நடக்காது. சரத்குமார் விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தின் பெயரே அந்த மார்கரெட் மூலமாக வீட்டுக்கு வந்ததுதான். அதை அவன் சௌகரியமாக மறந்துவிட்டிருந்தான்.

தேர்வுக்குப் பல மாதம் முன்பிருந்தே சாயங்காலங்களில் அவள்தான் அவனுக்குக் கேள்வி கேட்பாள். ஒரு கையில் கேள்விப் புத்தகம், இன்னொரு கையில் கரண்டி. உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று ஆங்கிலத்தில் கேட்பாள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊட்டியைப் பற்றிப் பொழிவான். பயிற்சி மையத்தில் எழுதிக் கொடுத்த ஊட்டி அது.

"ஏங்க, நாமதான் ஊட்டிக்கே போனதில்லியே?"

"போனமா இல்லியான்னு அவன் வந்து பாக்கப் போறானா? இங்கிலீஷ்தான் பாப்பான். நீ அடுத்த கேள்வியக் கேளு."

சென்னையில் தேர்வு வைத்தவர் ஊட்டியை முழுதாகச் சொல்லவிடவில்லை. பாதியில் நிறுத்தி, அங்கே என்ன சாப்பிட்டீர்கள், குளிருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சரத்குமாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அபிநயாவுக்கோ மறக்க முடியாத ஒரு பயணத்தைச் சொல்லுங்கள் என்று கேள்வி வந்தது. மழையில் மலைப்பாதையில் பஸ் நின்றுபோனதையும், ஒரு ஆள் தன் பலாப்பழத்தை அங்கேயே அறுத்து எல்லோருக்கும் கொடுத்ததையும், டிரைவர் கை முழுக்கப் பால் ஒட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் தவித்ததையும் சொன்னாளாம். தேர்வு வைத்தவர் சிரித்துவிட்டாராம். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அதைச் சொன்னபோது, "அவங்க சிரிக்கவே கூடாது, அது ரூல்சு" என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முடிவு வந்தது. சரத்குமாருக்கு மொத்தம் ஆறரை, பேச்சு ஐந்தரை. அபிநயாவுக்கு மொத்தம் ஏழரை, பேச்சு எட்டு. ஜூலைக்குள் இன்னொரு தடவை எழுத நாள் இல்லை, அவன் இடம் போனது போனதுதான்.

"ஏழரையா?" என்றாள் மாமியார் அம்சவள்ளி, அடுப்படியிலிருந்தே. "நல்ல நாள்லயே அந்த நம்பர வாயால சொல்ல மாட்டாங்க. எம்புள்ளைக்கு எவ்ளோ?"

"ஆறரைங்க அத்தை."

"அப்ப ஒண்ணுதான கம்மி? வுடு."

அந்த ஒன்றுதான் அவனை அறுத்தது. அன்று முழுக்க வயிறு எரிந்தது என்றால் உண்மையாகவே எரிந்தது. மோர் வாங்கிக் குடித்துப் பார்த்தான். அவளுக்கு வாழ்த்துச் சொன்னான், சொல்லாமல் இருப்பானா? ஆனால் சொன்ன கையோடு, "உனக்கு ஈசியான கேள்வி வந்துடுச்சி" என்று சேர்த்துக்கொண்டான். மறுநாள் சாப்பிடும்போது, அவள் 'வெஜிடபிள்' என்று சொன்ன விதத்தைத் திருத்தினான். அதற்கு மறுநாளும் ஏதோ திருத்தினான். எட்டு வாங்கியவளை ஐந்தரை வாங்கியவன் திருத்திக்கொண்டிருந்தான். அவளும் "அப்படிங்களா?" என்று கேட்டுக்கொண்டாள். அது அவனுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்யாணமான புதிதில் அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது, அப்பாவின் 'சி' இனிஷியல் வேண்டாம், என் பெயர்தான் பின்னால் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் அவன்தான். ஆகவே தேர்வு முடிவிலும் குடும்பப் பெயர் என்ற இடத்தில் சரத்குமார் என்றும், அதற்குக் கீழ் வரியில் அபிநயா என்றும் இருந்தது. ஏழரைக்கு மேலே தன் பெயர் கம்பீரமாக நிற்பதை அவன் கைபேசியில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

கல்லூரி ஓய்வறையில் உடன் வேலை பார்க்கும் தீனதயாளன் வந்து தோளில் தட்டினார். "இன்னா சார், ரிசல்ட் வந்துச்சாமே? இந்தத் தடவயாச்சும் தேறுச்சா?"

அந்த 'இந்தத் தடவயாச்சும்' சுருக்கென்று தைத்தது. சரத்குமார் கைபேசியை எடுத்து மனைவியின் முடிவைத் திறந்தான். திறந்து, கட்டைவிரலை அபிநயா என்ற வரியின் மேல் வைத்துக்கொண்டு, திரையைத் தீனதயாளன் பக்கம் திருப்பினான்.

"யப்பா! ஏழரை! பேச்சுல எட்டு!" தீனதயாளன் போட்ட சத்தத்தில் மற்ற துறைக்காரர்களும் வந்துவிட்டார்கள். கேண்டீனிலிருந்து கேக் வந்தது. சரத்குமார் கேக்கை வெட்டினான். நான் வாங்கினேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் பொய் சொல்லவில்லை என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான். ஒரு மணி நேரம், அந்த ஒரு மணி நேரம் மட்டும், வயிறு எரியவில்லை.

இதற்குள் மார்கரெட்டிடமிருந்து அபிநயாவுக்குக் கடிதம் வந்தது. சிறுதானிய ஆராய்ச்சிக்கு உதவித்தொகையோடு ஒரு பி.எச்டி. இடம் இருக்கிறது, உன்னை நினைத்துத்தான் வைத்திருந்தேன், ஆங்கில மதிப்பெண் ஒன்றுதான் இடித்தது, இப்போது வந்துவிட்டதா என்று கேட்டிருந்தார். சில நாளில் ஒரு சாயங்காலம் கணினி வழியாக நேர்காணல். சரத்குமார் கேமராவில் படாத மூலையில் உட்கார்ந்து, அவள் விடுகிற பிழைகளை விரல்விட்டு எண்ணினான். காலம் தப்பியது ஒன்று, ஒருமை பன்மை தப்பியது ஒன்று. ஒரு கேள்விக்கு அவள், எனக்குத் தெரியாது, மலையில் போய்க் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றாள். போச்சு, ஒழிந்தது என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எதிர்ப்பக்கத்து ஆட்கள் அதற்குத் தலையாட்டி, எப்படிக் கேட்பாய் என்று விசாரித்தார்கள். விரல்கள் தீர்ந்துபோயின, ஆனால் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதே பல்கலைக்கழகம். அவன் கனவு கண்ட அதே ஊர்.

நாராயணசாமி கேட்டார்: "இது இன்னாடா கூத்து? உன்ன அனுப்பத்தான இவ்ளோ பாடு?"

"அவளுக்கு அந்த வெள்ளக்காரம்மா பழக்கம்பா. சிபாரிசு" என்றான் சரத்குமார். அபிநயா காதில் விழும்படியாகவே சொன்னான்.

இடம் கிடைத்தது, ஆனால் ஒரு முட்டுக்கட்டை விழுந்தது. பட்டச் சான்றிதழ்களில் அவள் சி.அபிநயா. ஆங்கிலத் தேர்வில் அபிநயா சரத்குமார். இருவரும் ஒருவர்தான் என்று ஆதாரம் கொடுங்கள், இந்த வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் ஆங்கில மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க முடியாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிவிட்டார்கள். திருநாவலூர்க் கோயிலில் நடந்த கல்யாணத்தை இவர்கள் பதிவு செய்யவே இல்லை. நோட்டரி வக்கீல் இளவரசனிடம் அபிநயா போய்க் கேட்டாள். பெயர் உன் கணவருடையது, அவரே நேரில் வந்து, இந்தப் பெயரில் தேர்வு எழுதியது என் மனைவிதான் என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும், அதுதான் நிற்கும் என்றார் அவர்.

சரத்குமாருக்கு ஆயிரம் வேலை வந்துவிட்டது. திங்கட்கிழமை கல்லூரியில் கூட்டம். செவ்வாய்க்கிழமை வண்டி பஞ்சர். புதன்கிழமை தலைவலி. "நாளைக்குப் போலாம், இன்னா அவசரம்?" என்றான். அவள் கெஞ்சவில்லை, தினமும் ஒரு தடவை கேட்டாள், அவ்வளவுதான். அவள் முகம் வாடுவதைப் பார்க்க அவனுக்குப் பாவமாகவும் இருந்தது, இதமாகவும் இருந்தது. அந்த இதத்தை அவனே வெறுத்தான், ஆனாலும் விட மனசில்லை.

வியாழக்கிழமை அவள் மலைக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்பி வந்தாள். கல்லூரியில் அது சேர்க்கைக் காலம். நிர்வாகத்துக்குத் தீனதயாளன் விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். நிர்வாகம் சும்மா இருக்குமா? முன்தினம் ராத்திரியோடு ராத்திரியாக, சாலையை அடைத்துக்கொண்டு கல்லூரி வாசலில் ஒரு பேனர் ஏறிவிட்டது. ஆள் உயரத்துக்குச் சரத்குமார் படம். பக்கத்தில் அதைவிடப் பெரிதாக ஏழரை, அதற்குக் கீழே பேச்சில் எட்டு. ஸ்காட்லாந்து செல்லும் எங்கள் பேராசிரியருக்கு வாழ்த்துகள். வெள்ளிமலை பஸ் அந்த வாசலைக் கடந்துதான் வர வேண்டும்.

சரத்குமார் காலையில் அதைப் பார்த்துவிட்டு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு ஓடிவந்து படுத்திருந்தான். அபிநயா உள்ளே வந்து பையை வைத்தாள். தண்ணீர் குடித்தாள்.

"காலேஜ் வாசல்ல உங்க படம் நல்லா வுழுந்திருக்குங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "அது நான் சொல்லல அபி. அவங்களா—"

"யாரு சொன்னா இன்னா? பஸ்ல எம்பக்கத்துல உக்காந்திருந்த அக்கா, பாரும்மா எம்மாம் பெரிய படிப்பாளின்னு காட்டுனாங்க. ஆமாக்கான்னேன்." அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க என்னத் திருத்துனீங்க, பொறுத்துக்கினேன். சிபாரிசுன்னீங்க, அதையும் பொறுத்துக்கினேன். இது மட்டும் முடியலீங்க. நான் வாங்குன மார்க்க நான் வாங்கலன்னு ஆக்கிட்டீங்களே. நாளைக்கு வெள்ளிக்கெழம. வருவீங்களா, மாட்டீங்களா?"

வருகிறேன் என்றான். வராமல் என்ன செய்வான்? ஆனால் வெட்கத்தால் சொன்னானா, நல்ல மனசால் சொன்னானா என்று கேட்டால், வெட்கத்தால்தான்.

கள்ளக்குறிச்சியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இளவரசனின் அலுவலகம். பத்திரம் தயாராக இருந்தது. வக்கீல் நிமிர்ந்து பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்துவிட்டார்.

"சார்! நீங்களா? பேனர்ல பாத்தனே! வாங்க, உக்காருங்க." இருந்த ஒரே நாற்காலியை அவனுக்கு இழுத்துப் போட்டார். "எம்பொண்ணும் அதே பரீட்சைதான் சார் எழுதப்போறா. பேச்சுதான் வரல. எட்டு எப்பிடி சார் வாங்குனீங்க? ரெண்டு வார்த்த சொல்லுங்க, போய் அவகிட்ட சொல்றேன்."

சரத்குமார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அபிநயா சுவரோரமாக நின்றுகொண்டு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். அவள் உதவிக்கு வரப்போவதில்லை. கையில் இருந்த பத்திரத்தில், மேற்படி தேர்வை எழுதி மேற்படி மதிப்பெண்ணைப் பெற்றவர் என் மனைவியே என்று தட்டச்சாகியிருந்தது. வக்கீல் இன்னும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு முடித்ததும் வாங்கிப் படிக்கத்தான் போகிறார்.

"நான் வாங்கலீங்க" என்றான். பத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினான். "எங்க வூட்ல வாங்குனது. எனக்கு அஞ்சரைதான்."

வக்கீல் அவனைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சரத்குமார் பக்கம் திரும்பவே இல்லை. "ஏம்மா, நீங்களா? நிக்க வெச்சிட்டனே! சொல்லவேணாமா?" சரத்குமார் தானாகவே எழுந்து நாற்காலியை விட்டான். அவள் உட்கார்ந்து, பலாப்பழக் கதையை முதலிலிருந்து சொன்னாள். வக்கீலும் சிரித்தார், தட்டச்சு செய்யும் பெண்ணும் சிரித்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். சரத்குமாருக்கு ஆகவில்லை. ஓரமாக நின்று குனிந்து, காகிதம் கிழியாத குறையாக அழுத்திக் கையெழுத்துப் போட்டான். அவளைப் பார்க்கப் பார்க்க முன்பைவிட ஜாஸ்தியாகத்தான் எரிந்தது.

பத்திரத்தைப் படம் எடுத்து அங்கேயே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அபிநயா வெளியே வந்தாள். வெயில் கொளுத்தியது. எதிரில் இருந்த கரும்புச்சாறு வண்டியில் இரண்டு டம்ளர் வாங்கி ஒன்றை அவனிடம் நீட்டினாள். நேற்றைய கோபம் அவள் முகத்தில் இல்லை. அவளுக்குக் கோபத்தை வைத்திருக்கத் தெரியாது. அதுவும் அவனுக்குப் பிடிக்காத விஷயம்தான்.

"ஒண்ணு சொல்லணுங்க. நாலு நாளா சொல்லலாம்னுதான் இருந்தேன், நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருந்தீங்க."

"இன்னா?"

"மார்கரெட் மேடம்கிட்ட கேட்டேன். பி.எச்டி. பண்றவங்க வூட்டுக்காரரையும் கூட்டிக்கினு வரலாமாம். கல்யாணத்தப் பதிவு பண்ணிட்டாப் போதும். நீங்களும் வந்துரலாங்க. அங்கயே இருந்துக்கினு வேல தேடலாம்."

சரத்குமார் டம்ளரைக் கீழே இறக்கினான். அந்த ஊர், அந்தப் பனி, படத்தில் மட்டுமே பார்த்த அந்தக் கல் கட்டடம். ஒரு கணம் உண்மையாகவே சந்தோஷம் பொங்கியது. அடுத்த கணமே பயம் வந்தது.

"எனக்குத்தான் பேச்சுல ஆறு இல்லியே? திரும்ப எழுதணுமா?"

"அதத்தான சொல்ல வந்தேன்!" அபிநயா நடுத்தெருவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூட வர்றவங்களுக்கு அந்தப் பரீட்சையே கெடையாதாம். இங்கிலீஷ் தெரியுமான்னு உங்கள யாரும் கேக்கவே மாட்டாங்களாங்க!"

அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். ஒரு துளி நக்கல் தெரிந்தால் போதும், அங்கேயே சண்டை போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். எங்கு தேடியும் இல்லை. அவனுக்காகக் கேட்டு வைத்துக்கொண்டு, சொல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தவளின் சந்தோஷம் மட்டும்தான் அங்கே இருந்தது.

"வரீங்கதான?" என்று கேட்டாள் அபிநயா.

சென்னையில் மூன்று தடவை எத்தனையோ கேள்வி கேட்டார்கள். எதற்கும் சரத்குமார் இப்படித் திணறியதில்லை.

"வரேன்" என்றான்.